புளியமரத்தடியில் கூடிய சபை

அந்த மடத்தில் அறுபது வயதானவர்கள் பிட்சைக்குப் போகவேண்டியதில்லை. அவர்களுக்கு உட்கார்ந்தவர்கள் என்றே பெயர். ஊர் ஊராகப் போய் அரிசி வாங்கிச் சுமந்து வருகிறவர்கள் நடப்பவர்கள். முன்பெல்லாம் நடப்பவர்கள் ஏராளம், உட்கார்ந்தவர்கள் ஒன்றிரண்டு பேர். இப்போது நிலைமை தலைகீழ். புதிதாகச் சேர ஆளில்லை. பழைய ஆட்களோ ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாகவே இருந்தார்கள்.

சட்டநாதருக்கு வருகிற தையில் அறுபது. முழங்கால் வலியோடு அந்தத் தை மாதத்தை நினைத்தே நடந்துகொண்டிருந்தார். இந்த நேரம் பார்த்து நம்பி என்ற இளம் சீடன், "உடம்புல தெம்பு இருக்கவங்க எல்லாரும் எங்களோட நடக்கணும்" என்று கேட்டுவிட்டான்.

மடத்து வழக்கப்படி சபை கூடிக் கை தூக்கித் தீர்மானித்தது. சபை எப்போதும் முற்பகலில்தான் கூடும். அந்நேரம் நடப்பவர்கள் ஏதாவது ஊரில் வாசல் வாசலாக நின்றுகொண்டிருப்பார்கள். அது யாருக்கும் உறைத்ததே இல்லை. நம்பியின் கோரிக்கை தோற்றது. கால்வலி என்று அன்று தங்கிவிட்ட சட்டநாதரும் அதற்கு எதிராகக் கை தூக்கியிருந்தார்.

சாயங்காலம் திரும்பிவந்த இளைஞர்கள் தீர்மானத்தைக் கேட்டதும் நேரே அறைக்குப் போனார்கள். துணிமணிகளை மடித்துக் கட்டினார்கள். இந்த வாரத்தோடு மடத்தை விட்டே கிளம்புகிறார்களாம்.

சட்டநாதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குரு வாகீசரிடம் ஓடினார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் குரு குருதானே.

"பயலுகளை நிறுத்துங்க சாமி. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எதுக்கு நிறுத்தணும்?"

"அவங்க போயிட்டா எங்களுக்கு யாரு சோறு போடுவா? முப்பது வருசம் சுமந்திருக்கேன். எனக்கு வரவேண்டியதைத்தான கேக்கேன்?"

"நீர் சுமந்த அரிசி எங்க?"

"அப்ப இருந்த பெரியவங்க சாப்பிட்டாங்க."

"அவங்க எங்க?"

சட்டநாதர் மடத்தின் பின்புறம் சமாதிகள் இருந்த பக்கம் பார்த்தார். குருவும் பார்த்தார்.

"அப்போ நான் ஏமாளியா சாமி?" பாவம், அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை.

குரு, "நாளைக்குச் சபை திரும்பக் கூடட்டும். இங்க வேண்டாம். பசங்க மத்தியானம் இளைப்பாறுற புளியமரத்தடியில" என்றார்.

"அது ரெண்டு மைலு! வயசானவங்க எப்படி வருவாங்க?"

"வந்தவங்க கை தூக்கட்டும்."

சட்டநாதர் அறை அறையாக அலைந்தார். "போகலேன்னா தோத்துருவோம், தெரியுதா?" என்று ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கினார். மறுநாள் கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்தவர்களின் பட்டாளம் புறப்பட்டது. படுக்கையில் கிடந்தவர்கள் மட்டும் மடத்தில் தங்கினார்கள். முன்னால் போன சட்டநாதருக்குக் கோபத்தில் முழங்காலின் நினைப்பே வரவில்லை.

மரத்தடியில் அரிசி மூட்டைகள் கிடந்தன. இளைஞர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குரு வேரில் உட்கார்ந்திருந்தார்.

"படுத்த படுக்கையா கெடக்கவங்களால வரமுடியல," சட்டநாதர் மூச்சு வாங்கக் கத்தினார். "அவங்க சோத்துலயும் மண்ணைப் போடப் பாக்கீகளா?"

நம்பிக்குச் சுருக்கென்றது. "அவங்களுக்குச் சுமக்க மாட்டோம்னு யாரு சொன்னா? அவங்க இருக்க மட்டும் சுமப்போம். அதுக்குக் கை தூக்கவே வேண்டாம்."

சட்டநாதர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் வந்த காரியத்தை விடுவதாக இல்லை.

"சரி, மத்தவங்களுக்கு? கையை எண்ணுங்க சாமி. நாங்கதான் ஜாஸ்தி."

கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் கைகள் வரிசையாக எழுந்தன.

குரு எண்ணவில்லை. "இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்?" என்று கேட்டார்.

"எப்படி வருவோம்? நடந்துதான்..."

தூக்கிய கையை என்ன செய்வதென்று சட்டநாதருக்குத் தெரியவில்லை.

குரு எழுந்து, இருந்ததிலேயே சின்ன மூட்டையாகப் பார்த்து அவர் காலடியில் வைத்தார்.

"திரும்பிப் போறப்ப வெறுங்கையோடயா போவீர்?"