சென்னியப்பனின் புது வாளி

"அம்மா, நான் மறுபடியும் வந்திருக்கறனுங்க," என்றார் சென்னியப்பன்.

தொட்டியம்மா தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தெரியுதுங்ண்ணா. வாளி பளபளன்னு கண்ணைக் கூசுதே."

சென்னியப்பன் கையிலிருந்த பித்தளை வாளியைப் பார்த்துக்கொண்டார். நேற்றுத்தான் வாங்கியது. விளிம்புக்குக் கீழே அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள்.

"இந்த வாட்டி விடறதா இல்லீங்க. சோசியரைப் பாத்து நாள் குறிச்சாச்சு. வர்ற பொதங்கெழமை, வளர்பிறை. அன்னிக்கே தொடங்கிரட்டுங்களா?"

"இன்னிக்கு என்ன கெழமைங்ண்ணா?"

"வெள்ளி."

"அது வரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

அது வரைக்கும் என்ன பண்ணுவார்? சாப்பிடுவார். வேறென்ன?

அது மலையடிவாரத்து மடம். ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், கிணற்றை ஒட்டி நீளமாக ஒரு கல்தொட்டி. மலை ஏறப் போகிறவர்கள் கால் கழுவவும் மேய வருகிற ஆடுகள் குடிக்கவும் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதால்தான் அந்த அம்மாவுக்குத் தொட்டியம்மா என்று பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால், "அது இப்ப எதுக்கு?" என்று சிரிப்பார். சென்னியப்பனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவரைப் பார்த்ததும் 'அம்மா' என்றுதான் யாருக்கும் வாயில் வரும்.

அந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையாவது வேண்டிக்கொள்கிறவர் தன் பெயர் வெட்டிய வாளியோடு வந்து மடத்தில் தங்க வேண்டும். விடிந்ததும் தண்ணீர் சேந்தித் தொட்டியை நிரப்ப வேண்டும். பிறகு முடிந்த மட்டும் மலை ஏறி இறங்க வேண்டும். மடத்தில் போடுவதைத்தான் தின்ன வேண்டும்.

நடுவில் வாளி கிணற்றில் விழுந்துவிட்டால் வேண்டுதல் முறிந்தது. அப்புறம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தக் கடைசிப் பேச்சை யார் கிளப்பிவிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரே நம்பியது. சென்னியப்பன் ஊரைவிடக் கெட்டியாக நம்பினார்.

அவருடைய வேண்டுதல் எப்போதும் ஒன்றே ஒன்று. உடம்பு இளைக்க வேண்டும்.

கடலைக்காய் மண்டி வைத்திருக்கிற மனுசன். பொழுதன்னைக்கும் கடலைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்குமா? கை சும்மா இல்லை. உடம்பும் சும்மா இல்லை.

மடத்துக்கு வருவார். கொஞ்சம் இளைப்பார். ஒரு நாள் வாளி கிணற்றில் விழும். 'ஐயோ, சகுனம் ஆயிப்போச்சே' என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவார். இளைத்ததற்கும் மேலாக ஏறிவிடும். ஆறு மாதம் தலைகாட்ட மாட்டார். பிறகு ஒரு நாள் புது வாளியோடு வந்து நிற்பார்.

இப்போதும் அப்படித்தான் வந்து நின்றார்.

"இந்த வாட்டி எதுக்குங்ண்ணா இத்தனை அவசரம்?" என்றார் தொட்டியம்மா.

சென்னியப்பன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எம்பொண்ணு பூங்கொடிக்குக் கல்யாணமுங்க. தை மாசம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வழக்கம், மலை மேல கோயில்லதான் தாலி கட்டோணும்."

"நல்ல சமாச்சாரம்தானுங்களே."

"பங்குனி உத்திரத்துக்கு என்னை டோலியில தூக்கிட்டுப் போனாங்க. பாதி வழியில இறக்கி வெச்சுட்டு, இனி முடியாதுன்னுட்டாங்க. நாலு ஆளும் மூச்சு வாங்கறாங்க. போற வர்றவங்க எல்லாம் சிரிக்கறாங்க. பூங்கொடி பக்கத்துலயே நின்னுட்டிருந்தா."

"அது என்ன சொல்லுச்சு?"

"கல்யாணத்தைக் கீழயே வெச்சுக்கலாமுங்ப்பான்னா. மாப்பிள்ளை ஊட்டுல கேட்டுப் பாத்தோம். அவங்க ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. அப்பா கீழ பந்தியைப் பாத்துக்கட்டும், மேல சித்தப்பா தாரை வார்க்கட்டும்னு."

அவருக்கு அது பொறுக்கவில்லை. பெற்ற மகளைத் தாரை வார்க்கத் தன் தம்பி நிற்பான். தான் கீழே நின்றுகொண்டு சாம்பார் ஊற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"அதனாலதான் புதுசா, சுத்தமா, ஒரு நல்ல நாள்ல தொடங்கலாமுன்னு."

தொட்டியம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பழைய வாளியெல்லாம் எங்கீங்ண்ணா?"

"அதெல்லாம் விழுந்துருச்சுங்களே."

"எங்க விழுந்துச்சு?"

"இந்தக் கெணத்துலதானுங்க."

"ஏன் விழுந்துச்சு?"

"ஏன்னா? என் நேரம்."

"எட்டிப் பாத்தீங்களா?"

அவர் பார்த்ததில்லை. வாளி விழுகிற சத்தம் காதில் விழுந்ததும் அவருடைய முகம் நேரே ஊர்ப்பக்கம் திரும்பிவிடும்.

"எனக்கு இது நெடுநாளா ஒரு யோசனைங்ண்ணா," என்றார் தொட்டியம்மா. திட்டுகிற தொனி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். "கொல்லர் ஊட்டுல பாதாளக் கரண்டி இருக்குது. வாங்கிட்டு வாங்க. பாத்துரலாம்."

பாதாளக் கரண்டி என்றால் ஒரு வளையத்தில் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவினால் விழுந்த பாத்திரம் மாட்டிக்கொண்டு மேலே வரும். அதை யாருக்கும் சும்மா தரமாட்டார்கள். ஏதாவது ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.

"ஈடு வெக்க ஏனம் வேணுமேங்க," என்றார் சென்னியப்பன்.

தொட்டியம்மா புது வாளியைப் பார்த்தார்.

"அய்யய்யோ, இதுங்களா? இது வேண்டுதல் வாளிங்க!"

"பொதங்கெழமைதான வேணும்?"

சென்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கொல்லர் வீட்டு அம்மா வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். "இப்ப எல்லார் ஊட்டுலயும் மோட்டாரு. இதை யாரு கேக்கறாங்க? மெதுவாக் குடுங்க," என்று பரணிலிருந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்து கிணற்றுக்குள் விட்டார். அடியில் கொக்கிகள் கல்லில் உரசுகிற சத்தம் வந்தது. இங்கே இழுத்தார், அங்கே இழுத்தார். வேர்வை கொட்டியது. முதலில் ஒரு நசுங்கிய சொம்பு வந்தது. யாருடையதோ. அப்புறம் கொஞ்சம் கனமாக ஏதோ மாட்டியது.

ஒரு வாளி. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வந்தது. ஒரே சேறும் பாசியும். தொட்டியம்மா ஒரு பிடி நார் போட்டுத் தேய்த்தார். புள்ளி புள்ளியாக எழுத்துத் தெரிந்தது.

சென்னியப்பன்.

அவருக்குக் கூச்சமாக இருந்தது. "முதல் தடவை கொண்டாந்ததுங்க," என்றார்.

தொட்டியம்மா வாளியின் கைப்பிடியைப் பார்த்தார். "அட, இங்க பாருங்ண்ணா. முடிச்சு அப்படியே இருக்குது. கயிறுதான் அறுந்திருக்குது. அன்னிக்கு என்ன ஆச்சு?"

"தெரியலீங்க."

"நெனச்சுப் பாருங்க."

சென்னியப்பன் அந்தக் கயிற்று நுனியை விரலால் நெருடினார். பிய்ந்து பஞ்சாக இருந்தது.

"அப்ப ஒரே வீம்புங்க. எல்லாரும் ஒரு வாட்டி தொட்டியை ரொப்புனா நான் இறைச்சு ஊத்திட்டு மறுபடியும் ரொப்புவேன். மடத்துச் சோறும் வேண்டாம்னு வெறும் மோரைக் குடிச்சுட்டு இருந்தேன். ஒரே மாசத்துல எல்லாத்தையும் எளச்சுரோணும்னு வெறி. கயிறு தேஞ்சதை யாரு பாத்தா?"

"ம்."

அவ்வளவுதான் சொன்னார் தொட்டியம்மா. வாளியை வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

சென்னியப்பன் மறுபடி கரண்டியை விட்டார். இந்த முறை அவராகவே விட்டார்.

அடுத்த வாளி வந்தது. அதுவும் அவருடையதுதான். அதில் கயிறே இல்லை.

"இது முடிச்சு அவுந்து விழுந்ததுங்க," என்றார் சென்னியப்பன். தொட்டியம்மா கேட்கவே இல்லை. "எனக்கு இப்ப ஞாபகம் வருது. மச்சான் ஊட்டு விருந்துக்குப் போயிருந்தேன். கழுத்து மட்டும் தின்னுபோட்டு வந்தேன். மறுநா உங்க மொகத்துல முழிக்கக் கூச்சம். யாரும் எந்திரிக்கறதுக்குள்ள ஓடி வந்து, இருட்டுல அவசர அவசரமா முடிச்சுப் போட்டேன்."

"விருந்துனால விழலை?"

"இல்லீங்க. ஒளிஞ்சு வந்து கட்டுனதுனாலதான் விழுந்துச்சு."

சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். இத்தனை நாளாக அந்த விருந்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். மச்சானோடு பேச்சுவார்த்தைகூடக் குறைந்துபோயிருந்தது.

"இன்னும் ஒண்ணு கெடக்குதுங்க," என்றார் சென்னியப்பன். கிணற்றுக்குள் பாதி உடம்பைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

"மெதுவா, மெதுவா. உங்களை எடுக்கற அளவுக்குக் கரண்டி இல்லை," என்றார் தொட்டியம்மா.

சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கிணற்றடியில் அவர் சிரித்ததே இல்லை.

ரொம்ப நேரம் துழாவினார். ஒன்றும் மாட்டவில்லை. துழாவிக்கொண்டே பேசினார்.

"அந்த வாட்டி நல்லாப் போச்சுங்க அம்மா. நடு மலை, இடும்பன் கோயில் மேடை தெரியுமுல்ல? அது வரைக்கும் ஏறிட்டேன். எங்கியும் உக்காரலை. வேட்டி இடுப்புல நிக்காம நழுவுது. அப்படி இருந்தேன்."

"அப்புறம்?"

"அடுத்த நாளே வாளி விழுந்துருச்சுங்களே. கெளம்பிட்டேன்."

"சரி. வாளி விழுந்துச்சு. மேடையுமா கெணத்துல விழுந்துச்சு?"

சென்னியப்பன் கை நின்றது. திரும்பி மலையைப் பார்த்தார். பாதி உயரத்தில், வெள்ளை அடித்த மேடை வெயிலில் தெரிந்தது. எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருந்தது.

"அந்த வாளி எதனால விழுந்துச்சுங்ண்ணா?" என்றார் தொட்டியம்மா.

"அதுதானுங்க தெரியலை. கயிறும் புதுசு. முடிச்சும் கெட்டி. மேல இழுத்துட்டு இருக்கறேன், யாரோ வாசல்ல கூப்புட்ட மாதிரி இருந்துச்சு, திரும்பினேன், கை உட்டுப்போச்சு. கயித்தோட போயிருச்சு. சும்மாவே விழுந்துச்சுங்க."

"சும்மாவுமா விழும்?"

"விழுகுதுங்களே!"

அந்த நேரத்தில் கரண்டியில் ஏதோ மாட்டியது. இழுத்தார். அசையவில்லை. காலை அகட்டி நின்று இழுத்தார்.

"கல்லு போலிருக்குதுங்க," என்றார்.

"கல்லுன்னா உட்டுருங்க."

"இருங்க, இருங்க, பாத்துரலாம்."

மூச்சு வாங்க, ஒவ்வொரு முழமாக இழுத்தார். முதலில் ஒரு நீளக் கயிறு சுருண்டு கொக்கியில் சிக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் வாளி. கொக்கி சரியாக வாளிக் கைப்பிடியின் நடுவில் மாட்டியிருந்தது. அதனால் சாயாமல் நேராக வந்தது. அவர் எட்டிப் பிடித்துக் கிணற்று மேட்டில் வைத்தார்.

விளிம்பு வரைக்கும் தண்ணீர் இருந்தது.

சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விழுந்து போனது என்று அவர் தலைமுழுகிவிட்ட வாளி. தளும்பிக்கொண்டிருந்தது. அவர் கண்ணும் தளும்பியது. துடைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு ஆடுகள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து காலித் தொட்டியை முகர்ந்தன.

"ஊத்துங்ண்ணா," என்றார் தொட்டியம்மா.

ஊற்றினார். அப்புறம் வாளியோடு வந்த கயிற்றை நிதானமாகத் தடவிப் பார்த்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். கிணற்றுக்குள் விட்டார். சேந்தி ஊற்றினார். மறுபடி விட்டார். தொட்டி நிரம்புகிறவரைக்கும் நிறுத்தவில்லை.

நிரம்பியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நடந்தார்.

"எங்கீங்ண்ணா போறீங்க? இன்னிக்கு வெள்ளிதான?"

"மேடை வரைக்கும் முடியாதுங்க. முடிஞ்ச வரைக்கும் போயிட்டு வர்றேன். தம்பிகிட்ட ஆளு உட்டுச் சொல்லிருங்க, பந்தியை அவனையே பாத்துக்கச் சொல்லி."

"கரண்டியைத் திருப்பிக் குடுத்துட்டு உங்க புது வாளியை வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

சென்னியப்பன் அதற்குள் சில படிகள் ஏறியிருந்தார். மூச்சு வாங்கியது. நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, திரும்பினார்.

"வேண்டாமுங்க அம்மா. கரண்டி இங்கியே இருக்கட்டும். தைக்குள்ள இன்னும் எத்தனை வாட்டி விழுகுமோ."