இரண்டு மேடை, ஒரு கிரீடம்

கொடிக்காப்பட்டி நாடக சபையார், தங்கள் ஊர் மேலைத்தெருவுக்கும் கீழைத்தெருவுக்கும் ஒரே மாலையில் நாடகம் ஒப்புக்கொண்டார்கள். ஆட்களை எண்ணிப் பார்த்தவர்கள் கிரீடத்தை எண்ணிப் பார்க்கவில்லை. அது ஒன்றே ஒன்று.

நாட்டாண்மை ஒண்டிப்புலியார் கண்டிப்பானவர். "விளக்கு வைக்கிறதுக்கு முன்னே மேலைத்தெருவில் ராஜா மேடையேறணும். இல்லாவிட்டால் ஆர்மோனியப் பெட்டி நாட்டாண்மை வீட்டுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டார்.

சபையின் வாத்தியார் அருணகிரிக்கு அந்தப் பெட்டியே உயிர். ஆகவே மூன்று நாள் யோசித்து மூன்று சட்டம் வகுத்தார். கிரீடம் வைத்தவன் தன் காட்சி முடியாமல் கழற்றலாகாது. அதற்குக் காத்திருப்பவன், 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்பதன்றி வேறு வேலையில் கைவைக்கலாகாது. பெரியவன் வந்தால் சிறியவன் ஒதுங்க வேண்டும்.

அன்று மாலை, அருணகிரி வீட்டிலேயே உண்டு உறங்கும் பபூன் சங்கிலி, கீழைத்தெரு மேடையில் கிரீடத்தோடு ஆடிக்கொண்டிருந்தான். பாதிக் காட்சியில், சபைக்கு மேடை பெருக்கும் மருதப்பன் துடைப்பத்தோடு ஏறினான்.

"தம்பி, உனக்கு நான் மூணு மாசம் மூத்தவன். ஒதுங்கு."

"நியாயந்தான் அண்ணே."

சங்கிலி கிரீடத்தோடு மூலையில் நின்றான். மருதப்பன் மேடையைப் பெருக்கி முடித்துத் தெருவைப் பெருக்கத் தொடங்கினான்.

மேலைத்தெருவில் ராஜபார்ட் குழந்தைவேலு, "ஆச்சா, ஆச்சா" என்று நின்றான்.

"மீசையையாவது ஒட்டிக்கோயேன்" என்றார் அருணகிரி.

"வேறு வேலையில் கைவைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு வாத்தியாரே? ஆச்சா?"

பொழுது சாய்ந்தது. அருணகிரி கீழைத்தெருவுக்கு ஓடினார், மூலையில் நின்ற சங்கிலியைக் கண்டு பதறி, நின்ற நிலையிலேயே நான்காம் சட்டம் போட்டார்: "கிரீடத்துக்கு யார் காத்திருக்கிறாரோ, அவர் அந்தஸ்து கிரீடம் வச்சிருக்கிறவனுக்கு. அங்கே ராஜா காத்திருக்கார். அதனால் சங்கிலிதான் இப்போ ராஜா. யாரும் குறுக்கே வரக் கூடாது."

மருதப்பன் துடைப்பத்தை எறிந்துவிட்டுக் காலில் விழுந்தான். ஒருவன் விசிறினான். ஒருவன் வெற்றிலை மடித்துக் கொடுத்தான். சங்கிலி நிதானமாக மென்றான்.

"டேய், சீக்கிரம் முடிடா" என்றார் அருணகிரி.

"வாத்தியாரே, ராஜாவைப் போய் 'டேய்'ங்கிறீங்களே" என்றான் மருதப்பன் வருத்தத்தோடு. அருணகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விளக்கு வைத்தார்கள். ஒண்டிப்புலியார் கீழைத்தெருவுக்கே வந்து சேர்ந்தார். "அந்தக் கிரீடத்துக்கு நான் எவ்வளவு நேரம்யா காத்திருக்கிறது?"

சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"காத்திருக்கிறது யாரு?"

"நாட்டாண்மை."

"அப்போ சங்கிலி?"

"நாட்டாண்மை."

சங்கிலி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டான். "விளக்கு வச்சாச்சு. ராஜா மேடையேறலை. பெட்டியை நாட்டாண்மை வீட்டுக்குத் தூக்குங்க."

"தீர்ப்பில் பிழையில்லை" என்று அழுதார் அருணகிரி.

ஒண்டிப்புலியார் மேடையோரம் இருந்த பெட்டியை எடுக்கக் கை நீட்டினார். "ஐயா, காத்திருக்கிறவங்க வேறு வேலையில் கைவைக்கக் கூடாது" என்று மருதப்பன் பணிவாகத் தடுத்தான்.

சங்கிலி கிரீடத்தோடு முன்னே நடக்க, அருணகிரி பெட்டியைத் தலையில் சுமந்து, புதிய நாட்டாண்மை உண்டு உறங்கும் வீட்டில், அதாவது தம் வீட்டில், வழக்கமான இடத்திலேயே இறக்கினார். கடைசி முறையாக அதைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு, பிறர் வீட்டில் நிற்பது முறையன்று என்று வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்றார்.

"ஆச்சா?" என்றார், கதவுக்கு வெளியே இருந்து.

"காட்சி இன்னும் முடியலை" என்றது உள்ளிருந்து நாட்டாண்மையின் குரல்.