நாற்பது பிரஸ்களும் ஒரு பெயரும்

2022 நவம்பர் 17, வியாழக்கிழமை, காலை 7.40. ஓசூரில் உலோகத் தகடுகளை அழுத்தி வெட்டும் நாற்பது பிரஸ்கள் ஓடும் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. மனிதவள அதிகாரி ஜெசிந்தாவின் கணினிக்குப் பெயரில்லாத செய்தி ஒன்று வந்தது.

"நாலு நாளா வேலை நடுவுல கண்ணு இருட்டுது. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. பேர் சொல்லாம கம்பெனி டாக்டர்கிட்ட மருந்து வாங்க முடியுமா?"

'செவி' என்ற செயலி வழியாக வந்த செய்தி அது. தொழிலாளர்கள் தங்கள் குறைகளைப் பெயர் தெரியாமல் எழுதுவதற்காக ஆறு மாதம் முன்பு நிர்வாகம் அதை வாங்கியிருந்தது. எழுதியவர் யார் என்று ஒருபோதும் பார்க்க மாட்டோம் என அறிமுகக் கூட்டத்தில் ஜெசிந்தா வாக்குக் கொடுத்தார். "மேடம் பாக்க மாட்டாங்கப்பா, மிஷினு பாத்துக்கும்" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முந்தைய வருடம் வலிப்பு வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மறுநாளே கேட்டில் நிறுத்தி, வேலை இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். சிரித்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு. இரண்டையும் இரு கைகளால் அழுத்தினால்தான் தகட்டை வெட்டும் அச்சு இறங்கும். அப்படி ஓட்டினால் மணிக்கு முந்நூறு துண்டு வரும்; நிர்வாகம் கேட்பது நானூற்றைம்பது. அதனால் வலது பட்டனைக் கறுப்பு டேப்பால் அழுத்தி ஒட்டிவிட்டு, இடது கையால் ஓட்டி, வலது கையால் தகடு வைப்பது அங்கே வழக்கம். ஜெசிந்தாவின் அறைச் சுவரில் செவிக்கான சுவரொட்டி இருந்தது. 'பேசுங்கள், கேட்கிறோம்.' படத்தில் சிரித்தபடி ஒரு தொழிலாளி, பக்கத்தில் அவருடைய பிரஸ், அதன் பட்டனில் கறுப்பு டேப்.

செய்தியைக் கேள்விப்பட்ட போர்மேன் வரதப்பன் நேரே அந்த அறைக்கு வந்தார்.

"பேரை மட்டும் சொல்லுங்கம்மா. இன்னைக்கே பேக்கிங்குக்கு மாத்திடறேன். கை போனா நீங்க தருவீங்களா?"

செயலியை நிறுவிய பெங்களூர் நிறுவனத்தின் அஸ்லமுக்கு போன் போனது. பெயரைத் திறக்க முடியும், ஆனால் மனிதவள அதிகாரி கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் திறக்க மாட்டேன் என்றார் அவர். தொழிற்சாலைக்குள் அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

ஜெசிந்தா கடிதம் எழுதவில்லை. இன்று ஒரு பெயரைத் திறந்தால் நாளை ஒருவரும் எழுத மாட்டார்கள் என்றார். தொழிற்சாலையின் இருநூறு பேருக்கும் அடுத்த வியாழக்கிழமை மருத்துவ முகாம் ஏற்பாடு செய்தார். வேலை போகாது, நேரில் வாருங்கள் என்று செயலியிலேயே பதில் போட்டார். படித்ததற்கான குறி விழுந்தது. யாரும் வரவில்லை.

சனிக்கிழமை 11.20-க்கு இருபத்தாறாம் பிரஸ்ஸில் மாதையன் என்பவரின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. செய்தியை எழுதியவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார முயன்றார். "சொன்ன மாதிரி பேரைப் பாக்கவே இல்லையே மேடம். நான்தான் நம்பாம வராம இருந்துட்டேன்."

அவர் மனைவி சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரே ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?"

வாக்கைக் காத்தவர் ஜெசிந்தா. பெயரைக் கேட்டவர் வரதப்பன். கடிதம் கேட்டவர் அஸ்லம். இதில் யார் செய்தது சரி?

விடை: பெயர் யாருக்கும் தேவைப்படவே இல்லை. இரண்டு கைகளும் பட்டனில் இருந்தால், கண் இருட்டினாலும் அச்சுக்கு அடியில் கை இருக்காது. நாற்பது டேப்பையும் உரிக்க அரைமணி நேரம் போதும். உரித்தால் நானூற்றைம்பது வராது. வரதப்பன் அந்த டேப்பை தினமும் பார்த்தார். ஜெசிந்தாவின் சுவரிலேயே அது இருந்தது. அஸ்லமுக்கு மட்டும் அது தெரியாது. அவருக்குத் தெரிந்த அளவில் அவர் செய்தது சரி. மற்ற இருவரும் பெயரைப் பற்றியே வாதாடினார்கள்.

நவம்பர் 19-க்குப் பிறகு செவியில் ஒரு செய்தியும் வரவில்லை. 2023 மார்ச் 6, திங்கட்கிழமை, பாதுகாப்புத் தணிக்கைக்காக நாற்பது பிரஸ்களிலும் டேப் உரிக்கப்பட்டது. 7-ஆம் தேதி காலை ஷிப்டில் மீண்டும் ஒட்டப்பட்டது.