இனிஷியல் இல்லாத கதவு

மேனேஜர் எஸ். ஆவுடையப்பன் என்றால் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியே நடுங்கும்.

"வாசல் கதவுக்குப் புரோகிராம் எழுது. ஒரே ஆள் ரெண்டு தடவை பதிவாகக் கூடாது. பேர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுதான். இனிஷியலெல்லாம் தூக்கிடு!" என்றார்.

"சார், இனிஷியல் இல்லேன்னா..." என்று இழுத்தாள் புதிதாய்ச் சேர்ந்த பூங்கோதை.

"சொன்னதைச் செய். இல்லே, வீட்டுக்குப் போ."

செய்தாள். உள்ளே வருகிறவர் பெயரெல்லாம் ஒரு 'செட்'டில் சேரும். ஒருமுறை சேர்ந்த பெயரை செட் மறுபடி ஏற்காது. ஏற்காத பெயருக்குக் கதவும் திறக்காது.

மறுநாள் வெளிநாட்டு விருந்தாளிகளோடு மிடுக்காக வந்து அட்டையைக் காட்டினார் மேனேஜர். கதவு அசையவில்லை.

"ஆவுடையப்பன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்றது திரை.

அவர் கதவைத் தட்டினார். "நான் இங்கே நிக்கிறேன்! அப்போ உள்ளே இருக்கிறது யாரு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு எட்டிப் பார்த்தார், விடியற்காலையிலேயே வந்துவிட்ட கேன்டீன் மாஸ்டர் எம். ஆவுடையப்பன்.

உடனே பூங்கோதைக்கு போன் போட்டார் மேனேஜர். "நான் வேற, அவர் வேறன்னு இதுக்குத் தெரியாதா?"

"எப்படி சார் தெரியும்? உங்க ரெண்டு பேருக்கும் அப்பாதான் வேற. அப்பா பேரே வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க!"