தூசி படியாத பாட்டில்

புதுச்சேரி சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பிரெஞ்சு ஒயின் விற்க வந்த நிபுணர் சவரிநாதனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், அலமாரி துடைக்கும் அமலோற்பவத்தைப் பார்த்துக் கத்தினார்.

“விலை கூடினதெல்லாம் ஒசத்தி இல்லன்னு கஸ்டமர்கிட்ட சொன்னியாமே? லேபிள் படிக்காம, ருசி பாக்காம, நல்ல ஒயினை எடு பாப்போம். தப்பா எடுத்தே, இன்னியோட வேலை போச்சு. சீக்கிரம்!”

அவள் குனிந்து, கீழடுக்கிலிருந்து ஒரு மலிவு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“இதா? எப்படிச் சொல்றே?”

“மேலடுக்குல விலை கூடின பாட்டிலை எல்லாம் தினம் தூசி துடைக்கிறேன் சார். இதுல தூசி படிய நேரமே இல்ல.”

“ஜனங்க மலிவுன்னு வாங்குறாங்க! விஷயம் தெரிஞ்சவன் தொடுவானா?”

“தொடுறீங்களே சார். வீட்டுக்குப் போறப்ப தினம் உங்க பையில போறது இதுதானே?”

கூட்டம் மொத்தமும் கீழடுக்குக்குக் குனிந்தது.