இரண்டாம் பொத்தான்

"வாங்கின பொருள் பழசாகும்போது அது நம்மகிட்ட ஒண்ணு கேக்கும்" என்று சென்னியப்பனின் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். என்ன கேட்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தப் பாதி மட்டும் சென்னியப்பனுக்கு நினைவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியப்பாவும் இப்போது இல்லை.

சென்னியப்பனுக்கு வெள்ளகோவில் பக்கம் எண்ணெய் ஆலையும் கொப்பரைக் களமும் இருந்தன. ஒரு ஜெர்மன் காரும் இருந்தது. வந்த புதிதில் அப்படியொரு கார் அந்த வட்டாரத்தில் கிடையாது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கார் எவ்வளவு உசத்தியானாலும் உள்ளே கொப்பரை வாசம்தான் அடிக்கிறது என்று மைத்துனர் கேலி செய்வார்.

அதற்கு வயதாகிவிட்டது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதைத் தாங்கும் காற்றுப் பைகள் ராத்திரி முழுக்க இறங்கி, விடிகாலையில் மேய்ந்து களைத்த எருமை போல வயிறு தரையில் பட உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் முனகிக்கொண்டே மெல்ல எழும். ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிடும். ஒரு நாள் முன்னால் இருக்கும் சின்னத் திரை இருண்டுவிடும். உதிரி பாகம் கடல் கடந்து வரவேண்டும். வீட்டில் நிற்பதைவிட ஒர்க்ஷாப்பில் நிற்பதுதான் அதிகம், பேசாமல் ரேஷன் கார்டில் விலாசத்தை அங்கேயே மாற்றிவிடுங்கள் மச்சான் என்றார் மைத்துனர். சென்னியப்பன் சிரித்துவிட்டு மறுபடியும் ஒர்க்ஷாப்புக்குத்தான் போனார்.

ஏன் விற்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

ஓட்டுபவர் பக்கக் கதவில் இரண்டு பொத்தான்கள் உண்டு. முதலாவதை அமுக்கினால் சீட் பின்னால் போய்த் தாழ்ந்து, ஆறடி உயரச் சென்னியப்பனுக்குத் தோதாக நிற்கும். இரண்டாவதை அமுக்கினால் முன்னால் வந்து உயர்ந்து நிற்கும். பக்கக் கண்ணாடிகள் தாமாகவே திரும்பிக்கொள்ளும். ஸ்டீரிங் இறங்கிக் கொடுக்கும். அது அவருடைய மனைவி கோகிலவாணிக்கு. அவள் குள்ளம். களத்துக்கும் ஆலைக்கும் அவள்தான் அந்தக் காரை அதிகம் ஓட்டினாள்.

கோகிலவாணி இறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவளுடைய புடவைகளை அவளுடைய தங்கைகள் எடுத்துக்கொண்டார்கள். செல்போனில் இருந்த குரல் செல்போனோடு போய்விட்டது. சாயங்காலமானால் சென்னியப்பன் ஷெட்டுக்குப் போய்க் கார்க் கதவைத் திறந்து இரண்டாம் பொத்தானை அமுக்குவார். சன்னமான சத்தத்தோடு சீட் முன்னால் வரும். யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஓரிடத்தில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு முதல் பொத்தானை அமுக்கிவிட்டு வீட்டுக்குள் வருவார்.

அந்த ஐப்பசி மழையில் எங்கோ ஒரு ரப்பர் இற்றுப்போய், சீட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்தது. சீட்டையும் கதவுகளையும் பூட்டுகளையும் ஆட்டிவைக்கும் பெட்டி அங்கேதான் இருந்தது. அன்று சாயங்காலம் இரண்டாம் பொத்தானை அமுக்கியபோது சீட் வழக்கம்போல முன்னால் வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் ஃபெலிக்ஸ் வந்து பார்த்தான். பெட்டி போய்விட்டது, மாற்றாமல் விட்டால் ஒரு நாள் கார் மொத்தமாகப் படுத்துவிடும் என்றான். மாற்றினால் சீட் என்ன ஆகும் என்று சென்னியப்பன் கேட்டார். புதுப் பெட்டிக்குப் பழையது எதுவும் தெரியாது, போட்டதும் சீட்டை முன்னும் பின்னும் கடைசி வரை ஓட்டிக் காட்டினால்தான் அதற்குப் புரியும், ரெண்டு பட்டனும் காலியாகத்தான் இருக்கும் என்றான் ஃபெலிக்ஸ். பழைய பெட்டியில் இருப்பதைப் படித்து இதில் ஏற்ற முடியாதா என்றதற்கு, அதற்குள் படிக்க ஒன்றுமே மிச்சமில்லை என்று கையை விரித்தான்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது. டேப் வைத்து அளந்துகொண்டு, மாற்றிய பிறகு அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தித் தருகிறேன், ஒரு நூல் பிசகாது என்றான்.

"அது நீ வெச்சதா இருக்கும் ஃபெலிக்ஸு" என்றார் சென்னியப்பன். "அவ வெச்சதா இருக்காது."

பெட்டியை மாற்றவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சீட் அப்படியே இருந்தது. காரை நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று அவரே ஓட்டினார். ஆறடி மனுஷன் ஒரு குள்ளமான பெண்ணின் சீட்டில் மடங்கி, முழங்கால் ஸ்டீரிங்கில் இடிக்க, தலை கூரையில் உரசப் போவதைக் களத்துப் பெண்கள் பார்த்துவிட்டுத் தலைத்துண்டில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டினார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதியூர் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஓட்டுக் கூடம் ஒன்றில் மங்கையம்மா இருந்தார். ஈரோட்டில் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பிரசங்கம் எதுவும் செய்யமாட்டார். வருகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் சேந்துவார்கள், காய் நறுக்குவார்கள், கேட்க ஏதாவது இருந்தால் கேட்பார்கள். சென்னியப்பனும் கோகிலவாணியும் சேர்ந்துதான் முதலில் வந்தார்கள். மங்கையம்மாவுக்கும் கோகிலவாணிக்கும் ஒரே உயரம், ஒரே வாகு. பின்னாலிருந்து பார்த்தவர்கள் ஆள் மாறிக் கூப்பிட்டதுண்டு. மங்கையம்மா சென்னியப்பனைவிட இரண்டு வயது இளையவர். அவர் இவரை அண்ணா என்பார், இவர் அவரை அம்மா என்பார்.

கார் வாசலில் நின்றது. சென்னியப்பன் ஒரு காலை இழுத்து, பிறகு தலையை இழுத்து, பிறகு அடுத்த காலை இழுத்து வெளியே வருவதை மங்கையம்மா வாழைக்காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, உள்ள யாராச்சும் கட்டிப் போட்டுட்டாங்களா?"

சென்னியப்பன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத சாயங்காலங்களையும் சொன்னார். பெட்டியை மாற்றினால் கார் பிழைக்கும், அவள் இருந்த இடம் போய்விடும். மாற்றாவிட்டால் இடம் இருக்கும், கார் செத்துவிடும். செத்த காரை ஷெட்டில் வைத்துக்கொண்டு அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது என்றார்.

"அவ உடம்பு இந்த உலகத்துல இருந்ததுக்கு அந்த அளவு ஒண்ணுதானுங்கம்மா மிச்சம். அதை நானே எப்படிங்க அழிக்கறது? சொல்லுங்க."

மங்கையம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நான் அதுல உக்காந்து பாக்கலாங்களா?"

சென்னியப்பன் தயங்கினார். கோகிலவாணி போன பிறகு தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் அந்தச் சீட்டில் உட்காரவிட்டதில்லை. பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

மங்கையம்மா ஏறி உட்கார்ந்தார். எதுவும் இடிக்கவில்லை, எதுவும் உரசவில்லை. கதவுப் பக்கம் நின்றிருந்த சென்னியப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே மங்கையம்மா சாய்ந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் சாய்ந்தார். ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணா, முதுகு சாஞ்சா கை எட்ட மாட்டீங்குது. கை எட்டுனா முதுகு சாய மாட்டீங்குது. எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. ஆனா உக்காரத் தெரியும். இப்படி உக்காந்து எப்படி ஓட்டுனாங்க?"

சென்னியப்பன் குனிந்து சாய்மானத்தைப் பார்த்தார்.

"இதை எப்ப வெச்சது?"

"கார் எடுத்த அன்னிக்குங்க."

"அவங்களே வெச்சாங்களா?"

ஷோரூம் பையன் வைத்தான் என்றார் சென்னியப்பன். நல்ல நேரம் முடிவதற்குள் காரை வெளியே எடுக்கவேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அவள் பட்டுப்புடவையில் இருந்தாள். கொண்டையில் மல்லிகைப்பூவைச் சுருட்டிச் சுருட்டி அவ்வளவு வைத்திருந்தாள். சாய்ந்தால் பூ நசுங்கும் என்றாள். அந்தப் பையன் மண்டிபோட்டு, சாய்மானத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி, பூ இடிக்காத இடம் வந்ததும் அதை இரண்டாம் பொத்தானில் பதிய வைத்துவிட்டான். போட்டோ எடுத்தார்கள். மலைக் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டார்கள்.

"அப்புறம் மாத்திக்கலீங்களா?"

"ஒருதரம் மாத்தப் பாத்தாளுங்க. பட்டன் மாறிப்போயி என்னோடது கலைஞ்சிருச்சு. தெரியாததை எதுக்கு அமுக்கறேன்னு சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோகலீங்க. பழைய சீலைத் துணியில ஒரு தலகாணி தெச்சு முதுகுக்கு வெச்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் அதை வெச்சுத்தான் ஓட்டுனா."

"அது எங்கீங்ணா?"

வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டு எழுந்து போயிற்று. கூடத்துக்குள் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

கருமாதிக்கு முன்னால் காரைக் கழுவக் கொடுத்ததாகச் சென்னியப்பன் சொன்னார். ஊரார் எல்லாம் வருவார்களே என்று. அங்கே இருந்த பையன் தலையணையை எடுத்துக் காட்டி, இது வேணுங்களா என்று கேட்டான். கசங்கி, ஒரு மூலையில் பிரிந்து, எண்ணெய்க் கறையோடு இருந்தது. அந்தக் காருக்கு அது எப்போதுமே பொருந்தாமல்தான் இருந்தது.

"போட்டுருன்னுட்டேனுங்க."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆலை முதலாளி, ஆறடி மனுஷன், மண்ணில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். மங்கையம்மா அவரைத் தடுக்கவில்லை, தொடவும் இல்லை. கோகிலவாணியின் சீட்டில், முதுகு சாயாமல், ஸ்டீரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறிக் காரின் கூரை சுட ஆரம்பித்தபோது சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்படின்னா, இத்தனை நாளா நான் காவல் காத்தது எதைங்கம்மா?"

மங்கையம்மா கையைப் பின்னால் கொண்டுபோய், தன் தலைக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு முழம் பூவுக்கு விட்ட இடம்."

மறுநாள் காலையில் சென்னியப்பன் ஃபெலிக்ஸைக் கூப்பிட்டு, பெட்டியை மாற்றச் சொன்னார்.