ஜில்லியின் பல்

திருவேங்கடம் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ரோஸ்லினுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்த இடத்தில் ரோஸ்லின்தான் ஆசிரியை. கற்றுக்கொள்ள வந்தவர் அவர்.

பெருந்துறைக்கு அப்பால், ஒரு நூற்பாலையின் குடியிருப்பை ஒட்டி ரோஸ்லின் மாலைப் பள்ளி நடத்திவந்தார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் பகலில் அரசுப் பள்ளிக்குப் போவார்கள். அங்கே புரியாமல் போனதை எல்லாம் மாலையில் இங்கே கொண்டுவருவார்கள். ரோஸ்லினுக்கு ஒடியாவும் இந்தியும் பேச வரும். மில் பெண்களோடு பழகிப் பழகி வந்த பேச்சு.

தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தருவது எப்படி என்று திருவேங்கடம் வந்து கேட்டபோது ரோஸ்லின் சொன்னார்:

"முதல்ல கொஞ்ச நாள் சும்மா உக்காந்து பாருங்கய்யா."

அவருக்குச் சும்மா உட்கார வரவில்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவர் ரோஸ்லினிடம் வந்தார்.

"டீச்சர், அந்த ஜில்லி எப்பதான் வாயைத் திறப்பா?"

ஜில்லிக்கு ஆறு வயது. ஒடியாக்காரப் பெண். சாக்பீஸ் கொடுத்தால் எழுதுவாள். படத்தைக் காட்டினால் விரலால் தொடுவாள். பேச மட்டும் மாட்டாள்.

"போன மாசம் மத்த பிள்ளைங்களோட ஒடியால கலகலன்னு பேசிட்டுத்தானே இருந்தா?" என்றார் ரோஸ்லின்.

"இப்ப அதுவும் இல்ல. இத்தனைக்கும் அவ அம்மா ரொம்ப முயற்சி எடுக்கறாங்க."

"என்ன முயற்சிங்கய்யா?"

திருவேங்கடம் சற்றுப் பெருமையோடுதான் சொன்னார். ஜில்லியின் அம்மா மினதி ஒரு நாள் வாசலில் நின்று அவரிடம் கேட்டிருக்கிறாள். கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு அவளுக்குத் தமிழ் தெரியும். "சார், ஜில்லி மில்லு வேலை வேண்டாம். படிக்கணும். நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்ல தமிழ் மட்டும் பேசுங்கம்மா, உங்க பாஷையே வேண்டாம், பொண்ணு தன்னால முன்னுக்கு வருவான்னு சொன்னேன். அன்னையிலிருந்து ஒரு வார்த்தை ஒடியா பேசறதில்லையாம். மகளையும் பேச விடறதில்லையாம்."

ரோஸ்லின் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அழித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"முன்னெல்லாம் சாயந்தரம் அம்மாவும் பொண்ணும் ரோடு முனை வரைக்கும் பேசிட்டே போவாங்களே. இப்ப எப்படிப் போறாங்க?"

திருவேங்கடம் யோசித்தார்.

"அமைதியாப் போறாங்க."

ரோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"வாங்கய்யா. ஒரு எட்டு போய்ட்டு வரலாம்."

வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் மினதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருவரையும் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே பாய் விரித்தாள். டீ போட்டாள். சார் வந்திருக்கிறாரே என்று, வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகளைச் சத்தமாகத் தமிழில் கூப்பிட்டாள்.

"ஜில்லி! வா! சார் வணக்கம் சொல்லு!"

பிறகு திருவேங்கடத்தைப் பார்த்துச் சிரித்தாள். "தமிழ்தான் சார். எல்லாம் தமிழ்."

"நல்லதும்மா" என்றார் அவர்.

ஜில்லி வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். இன்னொரு கை மூடியிருந்தது. நேராக அம்மாவிடம் போய் மூடிய கையைத் திறந்தாள். உள்ளே ஒரு பல். வாயிலிருந்து கையை எடுத்தபோது உதட்டில் ரத்தம்.

குழந்தையின் முகம் வெளுத்திருந்தது. தன்னிடமிருந்து ஏதோ உடைந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

மினதியின் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டது. அவள் திருவேங்கடத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் எதையோ தேடினாள்.

"பல்லு..." என்றாள். "பல்லு... தண்ணி. வாய் கழுவு. நல்ல பொண்ணு."

அவ்வளவுதான் கிடைத்தது.

ஜில்லி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். மினதி முந்தானையால் அவள் உதட்டைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். ரத்தம் நின்ற பிறகும் துடைத்தாள்.

திருவேங்கடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நீங்க அவங்க பாஷைல சொல்லுங்களேன். பேசச் சொல்லுங்க."

"நான் சொன்னா எடுபடாதுங்கய்யா. வேண்டாம்னு சொன்னது நீங்க. நீங்களே சொல்லுங்க."

"எனக்கு ஒரு எழுத்து தெரியாதே."

ரோஸ்லின் அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். "கொரொ பாஷாரெ கதா குஹொ. வீட்டு மொழியில பேசுங்கன்னு அர்த்தம்."

அவர் உதடு அசைத்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்த பையனைப் போல அவருக்கு வியர்த்தது. பிறகு மினதியைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார்.

"அம்மா... கொரா... பாஷாரெ... கதா குஹொ."

மினதி திகைத்துப் பார்த்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜில்லி. பல் போன இடைவெளி தெரியச் சிரித்தாள்.

"கொரா இல்ல சார்!" என்றாள். "கொரா வெயிலு. கொரொ வீடு!"

அவள் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் தமிழ் அது.

"மறுபடி சொல்லும்மா" என்றார் அவர்.

"கொரொ."

"கொரா."

"இல்ல! கொரொ!"

"கொரொ."

ஜில்லி தலையாட்டினாள். சரி என்று அர்த்தம்.

மினதி சிரிக்கவில்லை. பயந்த குரலில் தமிழிலேயே கேட்டாள்.

"சார்... அப்ப படிப்பு? ஜில்லி படிப்பு?"

"வரும்மா. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. நீங்க பேசுங்க. அவகிட்ட எல்லாத்தையும் பேசுங்க."

மினதி ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லின் ஆமாம் என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார்.

மினதி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். பல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். பேசத் தொடங்கினாள். முதலில் மெல்ல, பிறகு வேகமாக. குழந்தை இடைமறித்து ஏதோ கேட்டது. அவள் பதில் சொன்னாள். குழந்தை நம்பாமல் மறுபடி கேட்டது. அவள் தன் வாயைத் திறந்து தன் பற்களைக் காட்டினாள். ஒவ்வொன்றாகத் தொட்டு என்னவோ சொன்னாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

திருவேங்கடத்துக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கு இத்தனை பேசத் தெரியும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. வாசலில் பார்க்கும்போதெல்லாம் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாதவள் என்றுதான் நினைத்திருந்தார்.

சற்று நேரத்தில் அம்மாவும் மகளும் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்கள். வந்தவர்களைக் கவனிக்க வேண்டும் என்ற நினைப்பே இருவருக்கும் இல்லை. ரோஸ்லின் டீயைக் குடித்து முடித்து, கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தார். திருவேங்கடமும் கூடவே வந்தார்.

இருவரும் ரோடு முனையை நோக்கி நடந்தார்கள். அங்கே வந்ததும் திருவேங்கடம் கேட்டார்.

"பின்னால எதுக்குப் போனாங்க?"

"எலி வளை தேடத்தாங்கய்யா. விழுந்த பல்லை எலி வளைல போட்டுட்டு, உன் பல்லை எனக்குக் கொடுன்னு எலிகிட்ட கேக்கணுமாம். பாதிதான் எனக்கும் புரிஞ்சுது. அவ்வளவு வேகமாப் பேசறாங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு மாசம் அந்தக் குழந்தைகிட்ட இருந்து அவ அம்மாவைப் பிடுங்கிட்டேன் டீச்சர்."

ரோஸ்லின் சாலைப் பக்கம் திரும்பினார். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு அவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கட்டும்?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டாங்க. எலி பல்லு கொடுத்துச்சான்னு கேளுங்க."

"எந்த மொழியில கேக்கறது?"

"நீங்க தமிழ்லயே கேளுங்கய்யா" என்றார் ரோஸ்லின். "அவ எதுல சொன்னாலும் கேளுங்க."